கேப்டனின் இடது கை

பேஸ் கிட்டார் வாங்கக் கிளம்பிய ஆண்களைப்போல, அறிவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரிகிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் தம்பியும் அதில் சேர்த்திதான். கூடப்பிறந்தவன் என்பதற்காகப் பூசி மெழுகிப் பேச எனக்கு வராது.

நான் டிரம்ஸ் வாசிக்கிறவள். வாரநாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து இருக்கையில் எனக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் வைத்துக்கொண்டு, அடுத்தவர்கள் கால் எங்கே போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் கீபோர்டு வாசிக்கிறார். மற்ற நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். குழு அவருடையது என்பதால் எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். கப்பலும் இல்லை, கடலும் இல்லை, கேப்டன் மட்டும் உண்டு. பாடுகிற பெண்ணுக்குக் குயில் என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவள் பாடுவது யாருக்கும் புரிந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பேஸ் என் தம்பி. பேஸ் என்றால் பாட்டுக்கு அடியில் ஓடுகிற தடித்த குரல், நாலே கம்பி. இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் பாட்டு இடுப்பு ஒடிந்ததுபோல நடக்கும். தம்பிக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்ப்பது. அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. பேச்சுத் துணைக்கு மெஷின்தான். மேடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நாலு பேரோடு நிற்கும்போதுதான் அவன் முகத்தில் ரத்தம் ஓடும். அதை நான் என் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேப்டன் தன் புதுக் கீபோர்டை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே பேஸ் வேணாம்னு பாக்குறேன்" என்றார்.

"என்னது?"

"இதுல பாரு, இடது கைப் பக்கம் மட்டும் பேஸ் சத்தமா மாத்திக்கலாம். நூறு விதமான பேஸ் உள்ளேயே இருக்கு. மாப்ளைய எதுக்கு வாராவாரம் அலைய வைக்கணும், பாவம்."

அவர் பாவம் என்று சொன்னால் யாருக்கோ ஆப்பு தயாராகிறது என்று அர்த்தம். கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டேன்.

"அவன் வாசிக்கிறது உங்களுக்குப் பாவமாத் தெரியுதா?"

"வாசிக்கிறான்னு நீ சொல்ற. யாருக்குக் கேக்குது? போன நிகழ்ச்சியில அவன் கிட்டார் வயரு கழண்டு கெடந்துச்சு. ரெண்டு பாட்டு முடியிற வரைக்கும் யாராவது கண்டுபிடிச்சாங்களா? அவனே கண்டுபிடிக்கல."

அதுதான் கொடுமை. அது உண்மை.

கடைசியில் பெருந்தன்மையாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "கிட்டாரும் பழசு, ஆம்ப்பும் பழசு. நல்லதா ஒன்னு வாங்கிட்டு வரச் சொல்லு. அப்பவும் கேக்கலன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." ஆம்ப் என்பது கிட்டாரைச் செருகினால் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. தம்பியின் ஆம்ப் உண்மையிலேயே கிழடுதான். போட்டதும் ஒருமுறை இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும்.

விஷயத்தைத் தம்பியிடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. ஆனால் அடுத்த நொடியே, "சரிக்கா, நல்ல பொருளா நான் பாத்துடறேன்" என்றான்.

பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எந்தக் கிட்டார் உசத்தி, எந்த ஆம்ப் காசுக்குத் தகுந்தது என்று விளக்குகிற வீடியோக்களையெல்லாம் கரைத்துக் குடித்தான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று நானும் கொஞ்சம் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு வீடியோவிலும் தாடி வைத்த ஒருவன் தன்னந்தனியாக உட்கார்ந்து, கட்டைவிரலால் கம்பியை அடித்து அடித்து வாசித்து, "ஆகா, என்ன ஆழம், என்ன வெண்ணெய்" என்று தன் வாசிப்புக்குத் தானே கண்ணை மூடுகிறான். பின்னால் டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை, கூட ஒரு ஆள் இல்லை. நிற்கிற காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வண்டி அருமையாக ஓடுகிறது என்று சொல்கிற கதை.

"இவங்க எல்லாரும் எந்தக் குழுவுல வாசிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"குழுவுல எல்லாம் இல்லக்கா. இவங்க ரிவ்யூ பண்றவங்க."

"கல்யாணமே பண்ணாதவன் குடும்பம் நடத்தச் சொல்லிக்குடுக்குறான். நீ குறிப்பு எடுத்துக்கோ."

கடைக்கு அவனைத் தனியாக அனுப்பினால் உருப்படாது என்று நானும் கிளம்பினேன். கிளம்பும்போது என் கிக் டிரம்மையும் வேனில் ஏற்றினேன். காலால் மிதித்து வாசிக்கிற பெரிய டிரம் அது. பேஸும் கிக்கும் ஒரே வீட்டில் குடியிருக்கிறவை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை வாங்குவது, மாப்பிள்ளையைக் காட்டாமல் பெண்ணை மட்டும் நிச்சயம் பண்ணுகிற வேலை.

"அக்கா, மானம் போகுதுக்கா" என்றான் தம்பி.

"போகட்டும். குழுவுல உன் இடம் நிக்கட்டும்."

கடையென்றால் கடை, கண்ணாடியும் விளக்குமாக நகைக்கடை தோற்றது. சுவரெல்லாம் கிட்டார். நான் பெரிய டிரம்மை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் விற்பனைக்காரர் ஓடி வந்தார். இறுக்கமான சட்டை, கழுத்தில் ஒரு கிட்டார் டாலர்.

"மேடம், ரிப்பேர் செக்‌ஷன் பின்பக்கம்."

"ரிப்பேர் இல்ல. பேஸ் பாக்கணும்."

"அதுக்கு டிரம் எதுக்கு மேடம்?"

"டிரம்மு இல்லாம எதுக்குப் பேஸு?" என்றேன். மனுஷன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

முதலில் அவர் எடுத்துக் கொடுத்தது கடையிலேயே விலை கூடியது. கண்ணாடிபோலப் பளபளக்கும் மரம், அஞ்சு கம்பி, உள்ளே பேட்டரி. தம்பி அதை ஒரு பெரிய ஆம்ப்பில் செருகினான். செருகியதும் செய்த முதல் காரியம், பேஸ் குமிழை முழுசாக ஏற்றி, மிட் குமிழை முழுசாக இறக்கியது. நடுக் குரலைச் சுத்தமாகக் கழித்துவிட்டால் தனியாகக் கேட்க வயிற்றைத் தடவுகிற மாதிரி இருக்கும். அந்தத் தாடிக்காரர்கள் கற்றுக்கொடுத்த வித்தை. பிறகு கட்டைவிரலால் அடித்து வாசித்தான். எங்கள் குழு வாசிக்கிற பாட்டு ஒன்றிலாவது இந்தக் கட்டைவிரல் வித்தைக்கு இடம் உண்டா என்றால், கிடையாது. ஆனாலும் கடைக்குள் கால் வைத்ததும் எல்லாருக்கும் அந்த விரல் அரிக்க ஆரம்பித்துவிடும்.

"வெண்ணெய் சார், வெண்ணெய்!" என்றார் விற்பனைக்காரர். "இந்த ஆம்ப் எத்தன வாட்ஸ் தெரியுமா? மைதானத்துலயே வாசிக்கலாம்."

"நாங்க சாப்பாட்டுக் கூடத்துல வாசிக்கிறோம்" என்றேன். "ஒரு கையால தூக்கிக் காட்டுங்க பாப்போம்."

தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினார், காது சிவந்துவிட்டது. லிஃப்ட் இல்லாத மாடிகளில் எத்தனையோ முறை சாமான் ஏற்றியவள் நான். அந்தப் பெட்டியைக் கண்டதுமே எனக்கு முதுகு வலித்தது.

தம்பியை எழுந்து நிற்கச் சொன்னேன். கடையில் எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்தே வாசித்துப் பார்த்து வாங்குகிறார்கள். மேடையில் இவர்களுக்கு யார் ஸ்டூல் போடப் போகிறார்களோ. "இடது கையை எடு" என்றேன். எடுத்தான். அந்தப் பளபளப்புக் கிட்டாரின் கழுத்து மெதுவாகத் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. நிகழ்ச்சி முழுக்க அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வாசித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

பிறகு நான் கிக் டிரம்மைப் போட்டு மிதிக்க ஆரம்பித்தேன். நாங்கள் வழக்கமாக வாசிக்கிற ஒரு பாட்டின் நடை. தம்பி சேர்ந்து வாசித்தான். அந்த வெண்ணெய் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரே உறுமல். எந்த ஸ்வரம் என்று பக்கத்தில் இருந்த எனக்கே பிடிபடவில்லை. அடுத்த கிட்டார், அடுத்த ஆம்ப், மறுபடி அதே உறுமல். ஒரு கிட்டாரில் வயர் செருகுகிற இடம் கரகரத்தது. இன்னொன்றில் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளின் விளிம்புகள் உள்ளங்கையைக் கீறின. விலையைப் பார்த்தால் கீறாமல் கூடவே தடவியும் கொடுக்க வேண்டும்.

கடைசியில், பின்வரிசையில் தூசியோடு தொங்கிய ஒரு கறுப்புக் கிட்டார். நாலு கம்பி, பளபளப்புக் கிடையாது, முதலில் பார்த்ததில் பாதி விலைகூட இல்லை. கழுத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நேராக இருந்தது. கையை எடுத்தால் சாயாமல் நின்றது. ஆம்ப்பும் சின்னதாக ஒன்று. ஒரு கையால் தூக்கலாம். கூடத்துப் பெரிய ஸ்பீக்கருக்கு வயர் கொடுக்கப் பின்னால் இடமும் இருந்தது. எல்லாக் குமிழையும் நடுவில் வைத்தேன். தம்பி பழக்க தோஷத்தில் மிட்டை இறக்கப் போனான். கையிலேயே ஒன்று போட்டேன்.

தனியாக வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "என்னக்கா இது, தகர டப்பா மாதிரி இருக்கு."

"தனியா அப்படித்தான் இருக்கும். இப்ப என்கூட வாசி."

வாசித்தான். என் கால் விழுகிற இடத்தில் அவன் ஸ்வரம் ஒட்டிக்கொண்டு விழுந்தது. டிரம்முக்கு வாய் முளைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாசலோரம் பில் போடுகிற பெண், வந்ததிலிருந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தவள், அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அப்பாடா, இப்பத்தான் என்ன பாட்டுன்னே தெரியுது" என்றாள். "இவ்வளவு நேரம் மேல் வீட்டுல பீரோ நகத்துற மாதிரி இருந்துச்சு."

விற்பனைக்காரர் அவளை முறைத்தார். நாங்கள் கறுப்பை வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஒத்திகை எங்கள் டிரைவிங் ஸ்கூல் மாடி வகுப்பறையில். சுவரெல்லாம் சாலை விதிப் படங்கள். 'முந்தாதே' என்ற படத்துக்கு நேர் கீழேதான் கேப்டன் எப்போதும் கீபோர்டைப் போடுவார். தம்பியும் நானும் முன்னதாகவே போய் வாசித்துப் பார்த்தோம். அருமையாக இருந்தது. அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது.

கேப்டனும் குயிலும் வந்தார்கள். பாட்டை ஆரம்பித்தோம். பேஸ் காணாமல் போனது.

அதே கிட்டார், அதே ஆம்ப், அதே என் கால். ஆனால் பேஸ் கிணற்றுக்குள் விழுந்த சொம்பாகிவிட்டது. தம்பி குனிந்து சத்தத்தை ஏற்றினான். உறுமல்தான் ஏறியது. கேப்டன் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்தைச் சிரைத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

அப்போது அவருடைய போன் அடித்தது. யாரோ கிளையன்ட். கேப்டன் வாசிப்பை நிறுத்துகிற ஆளா? போனை இடது கையால் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார், பம்பர் மட்டும்தானா, கதவும் நசுங்கிருச்சா?" என்று பேசிக்கொண்டே, பந்தாவாக வலது கையால் வாசித்தார்.

பேஸ் வந்துவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு ஆள் உள்ளே வருகிற மாதிரி வந்தது. குயில்கூடப் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கேப்டன் பேசி முடித்துப் போனை வைத்தார். இடது கை கீபோர்டில் இறங்கியது. பேஸ் மறுபடி முழுகிவிட்டது.

நான் குச்சியைக் கீழே வைத்தேன். "என்னங்க, அந்தக் கையைக் கொஞ்சம் எடுங்க."

"எந்தக் கை?"

"அந்தக் கைதான். இடது கை. அது போய் இவன் இடத்துல உக்காந்துக்குது. ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உக்காந்தா எவன் மூஞ்சி தெரியும்?"

மனுஷனுக்கு வந்ததே கோபம். கல்யாணத்துக்கு முந்தி அவர் தனி ஆளாக விருந்துகளில் வாசித்தவர். அடிக் கட்டைகளில் இடது கையால் பேஸ், மேலே வலது கையால் பாட்டு. குழு வந்து, டிரம்ஸ் வந்து, பேஸ் வந்து, அந்தக் கைக்கு மட்டும் சேதி போகவே இல்லை. இத்தனை வருஷமும் அது பாட்டுக்குத் தனிக்காட்டு ராஜாவாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் கிட்டாரைக் குறை சொல்லி, ஆம்ப்பைக் குறை சொல்லி, கடை வரைக்கும் அலைந்திருக்கிறோம்.

"என் இடது கைதான்டி இந்தக் குழுவுக்கே அஸ்திவாரம்!" என்றார்.

"அஸ்திவாரத்தை நடு வீட்டுல போடக் கூடாதுங்க."

குயில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டாள். தம்பி, "விடுக்கா, விடுக்கா" என்று என் கையைப் பிடித்தான். கேப்டன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஏஜென்ட் தெளிவு.

"சரி. ஒரே ஒரு நிகழ்ச்சி. ஞாயித்துக்கிழமை கம்பெனிக்காரங்க மதிய விருந்து இருக்குல்ல, அதுல நான் வலது கை மட்டும்தான் வாசிப்பேன். முடிஞ்சப்புறம், கேட்டவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், பேஸ் நல்லாருந்துச்சுன்னு சொல்லட்டும். மாப்ள காலம் பூரா இருக்கட்டும். ஒருத்தர்கூடச் சொல்லலன்னா பேச்சு முடிஞ்சுது. சரியா?"

"சரி!" என்று கத்தினேன். தம்பியும் தலையாட்டினான்.

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன மடத்தனம்! எந்தக் காலத்தில், எந்த மனுஷன், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து 'பேஸ் பிரமாதம்' என்று சொல்லியிருக்கிறான்? பாட்டு நன்றாக இருந்தால் பாடியவளைச் சொல்வார்கள். ஆடத் தோன்றினால் டிரம்ஸைச் சொல்வார்கள். பேஸைச் சொல்ல, கேட்கிறவனும் பேஸ் வாசிக்கிறவனாக இருக்க வேண்டும். பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கிளையன்ட் மாதிரி, அவரிடமே ஏமாந்திருக்கிறேன். என் வாய் இருக்கிறதே, அதை அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹோட்டல் கூடம், வட்ட மேஜைகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கக் கம்பெனி ஆட்கள். தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தம் எங்களுக்கு மேலே இருந்தது. தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். கேப்டன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், ஏதோ தியாகிபோல.

முதல் பாட்டு. பேஸ் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஐயோ, கேட்காமலே இருந்திருக்கலாம்.

தம்பி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மயிரிழை பிந்தி வந்தான். நான் காலை வைத்த பிறகு, ஒரு யோசனை யோசித்து, அப்புறம் வந்தான். பாட்டு நொண்டியது. குயில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவன் கண் போகிற திசையைப் பார்த்தேன். கேப்டனுடைய கீபோர்டின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கை இல்லை. இத்தனை வருஷமும் மாமாவின் இடது கையைக் கேட்டு, அதன் பின்னாலேயே வாசித்துப் பழகியிருக்கிறான் மடையன். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனுக்கு, அன்றைக்கு அந்தப் பையன் வரவில்லை.

கேப்டன் என்னைப் பார்த்தார். இந்த முறை புருவம்கூடத் தூக்கவில்லை. அவ்வளவு திருப்தி.

ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறை கண்ணுக்குள் வந்தது. இவன் இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் யாரோடு பேசுவான்? என் வாயாலேயே நான் இவனை அங்கே பூட்டிவிட்டேனா?

பாட்டின் நடுவிலேயே கத்தினேன். நாள் முழுக்கக் காருக்குள் கத்துகிற தொண்டை. "டேய்! அங்க என்ன பார்வை? என் காலைப் பாருடா!"

முன்வரிசை மேஜையில் ஒருவர் கரண்டியைத் தவறவிட்டார். தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் காலையே பார்த்தான். நான் வேண்டுமென்றே அழுத்தி மிதித்தேன். ஒன்று தவறியது. இன்னொன்று தவறியது. அடுத்தது ஒட்டியது. அப்புறம் பிரியவே இல்லை.

மேடைப் பலகை என் காலுக்கடியில் ஒரே உயிராக அதிர்ந்தது. குயிலுக்கு நிற்க இடம் கிடைத்தது. பாட்டின் வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. கேப்டனின் வலது கை, அடியில் சேறு இல்லாததால், மணிமணியாகக் கேட்டது. நல்லாத்தான் வாசிக்கிறார் மனுஷன், சொல்ல மனசில்லாவிட்டாலும் சொல்கிறேன். மூன்றாவது பாட்டில் கணக்குப் பிரிவு ஆசாமி ஒருவர் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார். அதற்கடுத்த பாட்டில் மேஜையே எழுந்துவிட்டது. கடைசிவரை தம்பி என் பக்கமே பார்த்து நின்றான். கூட்டம் கண்டது அவன் முதுகைத்தான்.

முடிந்தது. கை தட்டினார்கள். நாங்கள் சாமான் கட்ட ஆரம்பித்தோம். தம்பி தன் ஆம்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிய வயரையே பிரித்துப் பிரித்துச் சுற்றினான். காது மட்டும் கூட்டத்தின் பக்கம் இருந்தது.

கூடத்து மேனேஜர் வேகமாக வந்தார். நேராகக் கேப்டனிடம் போனார். "சார், இன்னிக்குக் கீபோர்டு அபாரம்! எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். இவ்வளவு தெளிவா வாசிச்சு நான் கேட்டதே இல்ல. என்ன சார் பண்ணீங்க?"

கேப்டன் நெளிந்தார். "எல்லாம் சாதகம்தான் சார்."

ஒரு அம்மா குயிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுதும்மா" என்றார். கணக்கு ஆசாமி என்னிடம் வந்து, "டிரம்ஸ் செம மேடம், காலு தானா ஆடுது" என்றார். இன்னும் ரெண்டு பேர் கேப்டனைச் சூழ்ந்துகொண்டு கீபோர்டு என்ன கம்பெனி என்று விசாரித்தார்கள். ஒருவர் தம்பியைக் கண்டதும் நின்றார். கட்டுவதை விட்டுவிட்டு நான் காதைத் தீட்டினேன்.

"தம்பி, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூடம் காலியானதும் கேப்டன் கைகளைத் தட்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா, ஒருத்தராவது பேஸ்னு வாயத் தொறந்தாங்களா?"

குச்சி என் கையில்தான் இருந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் அது எங்கே பறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. "அந்த மேனேஜர் புகழ்ந்தது யாரைன்னு நெனச்சீங்க? உங்களையா? இவன்..."

"அக்கா, இரு." தம்பி எழுந்தான். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் நேராக இருந்தது. "மாமா சொல்றது சரிதான். பந்தயம்னா பந்தயம். யாரும் சொல்லல. அடுத்த வாரத்துல இருந்து ரெண்டு கையாலயும் பழையபடி வாசிச்சுக்கங்க மாமா."

கேப்டன் மேனேஜர் போன திசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் யோசிப்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பழையபடியா?" என்றார்.

"ஆமா மாமா. பழையபடியே."

கேப்டன் மெதுவாக இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகத்தைச் சுளித்தார்.

"அதுல ஒரு சிக்கல் மாப்ள. கொஞ்ச நாளாவே இந்த மணிக்கட்டுல ஒரு வலி. உங்க அக்காகிட்டகூடச் சொல்லல, பயப்படுவான்னு. டாக்டரு, அந்தக் கையக் கீபோர்டு பக்கமே கொண்டுபோகக் கூடாதுன்னுட்டாரு. எவ்வளவு நாளைக்கோ தெரியாது, வருஷக் கணக்காகூட ஆகலாம். அதுவரைக்கும் நீ கொஞ்சம் ஒத்தாசையா இருந்துட்டுப் போயேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். சிரித்தால் குடும்பம் கெட்டுவிடும். அழுகையும் வந்தது, அதையும் விழுங்கினேன்.

"சரி மாமா" என்றான் தம்பி. முகத்தில் ரத்தம் திரும்ப ஓடியதைப் பார்த்தேன்.

"கிட்டார மட்டும் நீ எடுத்துக்கோ, பத்திரம்" என்றார் கேப்டன். அப்புறம் குனிந்து, தம்பியின் ஆம்ப்பை இடது கையாலேயே அலாக்காகத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தார்.